பதினாறு வயதில் பசிக்காதா?

அன்புச் சகோதரனே! கல்லாவில் உட்கார்ந்தபடி இந்தப் பக்கத்தைப் புரட்டும் வணிகப் பெரியவரே!

உங்களிடம் ஒரு கேள்வி. நம் அரசுப் பள்ளிகளில் சத்துணவு எந்த வகுப்பு வரை போடுகிறார்கள்?

பக்கத்துக் கடைக்காரரிடமும் கேட்டுப் பாருங்கள். "பள்ளிக்கூடம் முடிகிற வரைக்கும்தான்" என்று சட்டென்று சொல்லுவார். தவறு! பத்தாம் வகுப்பு வரைதான். பதினொன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளை போய் உட்காரும் அன்றே அவன் தட்டு பறிபோகிறது. அதே பள்ளிக்கூடம். அதே சமையலறை. அதே சாம்பார் வாசம் வகுப்பறைக்குள் வருகிறது. ஆனால் அவனுக்கு மட்டும் இல்லை. பதினைந்து வயது வரை பசிக்கும், பதினாறு பிறந்தால் பசிக்காது என்று எந்த வைத்தியர் எழுதிக் கொடுத்தார்?

மதிய மணி அடித்ததும் டிபன் பாக்ஸ் இல்லாத பிள்ளை என்ன செய்வான் தெரியுமா? குழாயடிக்குப் போவான். வயிறு முட்டத் தண்ணீர் குடிப்பான். பிறகு மைதானத்தின் ஓரத்தில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு படிக்கிற மாதிரி உட்காருவான். "சாப்பிட்டியாடா?" என்று ஆசிரியர் கேட்டால் "சாப்பிட்டேன் சார்" என்பான். பதினாறு வயதுப் பிள்ளைக்கு ரோஷம் இருக்கும். அவன் கை நீட்ட மாட்டான். அதனால்தான் அவன் பசி நம் கண்ணில் படுவதில்லை.

இது எங்கோ வடநாட்டுக் கதை இல்லை. நம் பள்ளத்தாக்கின் கதை. விடிவதற்கு முன்னால் கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் போடியிலும் ஜீப் சத்தம் கேட்டிருப்பீர்கள். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்கள். குமுளி வழியாக, கம்பம்மெட்டு வழியாக, போடிமெட்டு வழியாக மலையேறி இடுக்கித் தோட்டங்களுக்குப் போகின்றன. நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் பெண்களில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்ட நம் சகோதரிகளும் இருக்கிறார்கள். நாம் பஜ்ருக்கு ஒளூ செய்யும் நேரத்தில் அவர்கள் பாதி மலை ஏறிவிடுகிறார்கள். அந்தத் தாய் எப்போது எழுந்து, எப்போது ஆக்கி, எப்போது பாக்ஸில் கட்டி வைப்பாள்? மூன்று மணிக்கே எழுந்து ஆக்கி வைத்துவிட்டுப் போகிற தாய்மார்களும் உண்டு. அல்லாஹ் அவர்களுக்கு அருள் புரியட்டும். ஆனால் வேலை இல்லாத வாரத்தில் ஆக்குவதற்கே வீட்டில் எதுவும் இருக்காதே! 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினையில் எல்லை அடைபட்டபோது மலைக்குப் போகும் குடும்பங்கள் என்ன பாடுபட்டன என்பதைக் கடை வைத்திருக்கும் உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? உங்கள் கடன் நோட்டைப் புரட்டுங்கள், அதிலேயே இருக்கும்.

அந்தத் தோட்டத்து ஏலக்காய்தான் போடியில் ஏலம் போகிறது. அந்த ஏலக்காய்தான் நம் பிரியாணியில் மணக்கிறது. அதைப் பறித்தவளின் பிள்ளை குழாயடியில் நிற்கிறான்.

ஊர் போட்ட சோறுதான் முதலில் வந்தது!

"அதெல்லாம் அரசாங்கத்தின் வேலை பாய், நமக்கு எதற்கு?" என்று ஒரு குரல் கேட்கிறது. நியாயமான குரல். அதற்குப் பதில் சொல்லத்தான் வரலாற்றைப் புரட்ட வேண்டியிருக்கிறது.

1920ல் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர், ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவு கொடுக்கத் தீர்மானம் கொண்டு வந்தார். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக்கூடாது என்று கணக்கு. (ஆயிரம் விளக்கு என்ற பெயரே அங்குள்ள பள்ளிவாசலில் ஏற்றிய விளக்குகளால் வந்தது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.) 1925ல் அந்தச் செலவுக்கு வெள்ளைக்கார அரசு தடை போட்டது. சோறு நின்றது. பிள்ளைகளின் வருகையும் குறைந்தது.

பிறகு 1956ல் காமராஜர். பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலுவுடன் அவர் மதிய உணவைத் தொடங்கியபோது கஜானா நிரம்பி வழியவில்லை. முதலில் ஊர்தான் அடுப்பு மூட்டியது! ஊருக்கு ஊர் குழு அமைத்தார்கள். வசதியுள்ளவர் மூட்டையாகக் கொடுத்தார், இல்லாதவர் படியாக அளந்தார். அரசு மானியம் வந்த பிறகும் செலவில் பத்தில் ஆறு பங்குதான் அரசு, மீதி நான்கு பங்கு ஊர்மக்கள் என்றுதான் நடந்தது. 1982 ஜூலை 1ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1984ல் பதினைந்து வயது வரை நீட்டினார். முட்டை வந்தது 1989ல், கலைஞர் ஆட்சியில். 2022ல் மு.க. ஸ்டாலின் ஆட்சியில் ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குக் காலை உணவு வந்தது. ஒவ்வொருவரும் ஒரு படி கட்டினார்கள். மறுக்கவில்லை. ஆனால் 1984ல் போட்ட பதினைந்து வயது என்ற வேலி இன்னும் அப்படியே நிற்கிறதே!

இதில் நம் மாவட்டத்துக்கு இரட்டை வெட்கம். அதே 1984ல் எம்.ஜி.ஆரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது ஆண்டிபட்டி. 2002லும் 2006லும் ஜெயலலிதாவை அனுப்பியதும் ஆண்டிபட்டி. மூன்று முறை முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்த ஓ. பன்னீர்செல்வம் பெரியகுளத்துக்காரர். எங்கள் +2 பிள்ளைகளுக்கும் ஒரு தட்டு வையுங்கள் என்று இந்தப் பள்ளத்தாக்கு ஒரே குரலாகக் கேட்டிருந்தால் தட்டிக் கழித்திருக்க முடியுமா? நாம் கேட்கவில்லை.

ஆகவே சகோதரனே, அரசு செய்யட்டும் என்று காத்திருந்தவர்கள் சோற்றைக் கொண்டு வரவில்லை. அடுப்பை மூட்டிவிட்டு, "பார், எங்களால் முடிகிறது, உன்னால் ஏன் முடியாது?" என்று கேட்டவர்கள்தான் கொண்டு வந்தார்கள்.

3.5க்கும் சோற்றுக்கும் என்ன சம்பந்தம்?

இருக்கிறது. எத்தனை மாநாடு, எத்தனை மறியல், எத்தனை பேருந்துப் பயணம்! தொண்டை வறளக் கோஷம் போட்டு 2007ல் 3.5 சதவீத இடஒதுக்கீட்டைப் பெற்றோம். அந்த ஒதுக்கீட்டில் பொறியியல் படிக்க வேண்டுமானால், மருத்துவம் படிக்க வேண்டுமானால், கலைக் கல்லூரி வாசலையாவது மிதிக்க வேண்டுமானால் பிள்ளை +2 தேற வேண்டுமே! பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவனுக்கு 3.5 இருந்தால் என்ன, 35 இருந்தால் என்ன?

1956ல் காமராஜர் பள்ளியில் சோறு போட்ட அதே ஆண்டில்தான் உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி எழுந்தது. மதுரைக்குப் போய்ப் படிக்க வழியில்லாத இந்தப் பள்ளத்தாக்குப் பிள்ளைகளுக்காக, சாதி மதம் பார்க்காமல் திறந்த வாசல் அது. நம் முன்னோர் கல்லூரிக்கு வாசல் வைத்துவிட்டுப் போனார்கள். அந்த வாசலுக்குப் போகும் வழியில் இரண்டு வருடப் பசி குறுக்கே கிடக்கிறது. பதினொன்றும் பன்னிரண்டும். அந்தப் பள்ளத்தை மூட நம்மால் முடியாதா?

இப்போது வணிகப் பெருமக்களிடம் கொஞ்சம் கடுமையாகப் பேச அனுமதி கேட்கிறேன். "கடைக்குப் பையன் தேவை" என்று அட்டை தொங்குகிறதே, அந்த அட்டையைப் பார்த்து வரும் பையன் யார்? பத்தாம் வகுப்பை முடித்துவிட்டு, மத்தியானச் சோற்றுக்கு வழியில்லாமல், "கடையில் சேர்ந்தால் சாப்பாடாவது கிடைக்கும்" என்று வருகிறவன்தானே? நீங்கள் அவனுக்குச் சோறு போடுகிறீர்கள். சம்பளமும் கொடுக்கிறீர்கள். பெரிய மனதுதான். ஆனால் அதே சோற்றை இரண்டு வருடம் முன்னதாகப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருந்தால் அவன் உங்கள் கடையில் மூட்டை தூக்காமல் உங்கள் கடைக்குக் கணக்கு எழுத வந்திருப்பான். அல்லது வங்கி மேலாளராக வந்து உங்களுக்குக் கடன் கொடுத்திருப்பான்!

பணம் எங்கே இருக்கிறது?

பணம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். கணக்குப் போடுவோம், நீங்கள் கணக்கில் புலிகள்.

ஒரு மஹல்லாவில் நாற்பது பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சாப்பாட்டுக்கு முப்பது ரூபாய். மொத்தமாக ஆக்கினால் அதற்குள் கட்டும். நாளைக்கு 1,200 ரூபாய். பள்ளி நடக்கும் நாட்கள் இருநூறு என்றால் வருடத்துக்கு 2,40,000. கடைத்தெருவில் அறுபது கடை சேர்ந்தால் கடைக்கு வருடத்துக்கு நாலாயிரம். நாளைக்குப் பதினோரு ரூபாய்! ஒரு டீக் காசு.

இன்னொரு கணக்கு. ஆயிரம் பேருக்கு விருந்து, சாப்பாடு ஒன்றுக்கு 250 ரூபாய். மொத்தம் இரண்டரை லட்சம். ஒரே ஒரு நிக்காஹ், ஒரே ஒரு மத்தியானம்! நாற்பது பிள்ளைகளின் ஒரு வருடச் சோற்றை நாம் இரண்டு மணி நேரத்தில் இலையில் வைத்து, பாதியை மூடிக் குப்பையில் கொட்டுகிறோம். வலீமா ஸுன்னத்துதான், நான் மறுக்கவில்லை. நாலு வகைக் கறியும் மூன்று வகை இனிப்பும் ஸுன்னத் என்று யார் சொன்னது? கந்தூரி கூடுமா கூடாதா என்ற சண்டைக்கும் நான் வரவில்லை. அதை ஆலிம்களிடம் விட்டுவிடுவோம்.

சொல்லக் கூசுகிற ஒன்றையும் சொல்லியாக வேண்டும். வக்ஃபு! 2025ல் வக்ஃபு திருத்தச் சட்டத்தை எதிர்த்துத் தெருவில் நின்றோம். நின்றது சரி. இனியும் நிற்போம். ஆனால் 2006ல் சச்சார் குழு என்ன எழுதியது? நாட்டிலுள்ள வக்ஃபு சொத்துக்களின் சந்தை மதிப்பு 1.2 லட்சம் கோடி ரூபாய், வந்துகொண்டிருந்த வருமானமோ வெறும் 163 கோடி, முறையாக நடத்தினால் வருடத்துக்கு 12,000 கோடி வரும் என்றது. மீதியைத் தின்றது யார்? எல்லாவற்றையும் அரசாங்கமா தின்றது? பள்ளிவாசல் கடையைத் தாத்தா காலத்து வாடகைக்கு வைத்துக்கொண்டு, அதே கடையை உள்வாடகைக்குப் பத்து மடங்குக்கு விடுகிறவர் நம் வரிசையில் முதல் ஸஃப்பில் நிற்கவில்லையா? வக்ஃபைக் காப்போம் என்ற கோஷத்தில் அவர் குரல்தான் ஓங்கிக் கேட்கிறது. அந்த வாடகையை நியாயமாக உயர்த்தினாலே பல மஹல்லாக்களில் வசூலுக்கே போக வேண்டியதில்லை.

மாவூன் அத்தியாயத்தைத் தொழுகையில் எத்தனை முறை ஓதியிருப்போம்? குர்ஆனின் 107வது அத்தியாயம். சின்னப் பிள்ளைக்கும் மனப்பாடம். ஏழைக்கு உணவளிக்கத் தூண்டாதவனை மார்க்கத்தைப் பொய்ப்பிப்பவன் என்று கண்டிக்கும் அந்த அத்தியாயம், அடுத்த மூச்சிலேயே தொழுகையாளிகளைப் பிடித்துக்கொள்கிறது. தான் உண்ணாதிருப்பது அங்கே குற்றமில்லை, தான் கொடுக்காதது கூட அங்கே முதலில் வரவில்லை. மற்றவரைத் தூண்டாததே குற்றம்! அப்படியானால் ஜும்ஆவுக்குப் பிறகு எழுந்து நின்று இதைப் பற்றிப் பேசாத நானும் நீங்களும் எந்தப் பக்கம்?

டேக்சா கவிழ்ந்து கிடக்கிறது!

ரமலானில் முப்பது நாளும் நம் பள்ளிவாசல்களில் கஞ்சி காய்ச்சுகிறோம். அரிசி வாங்குவது, விறகு சேர்ப்பது, பண்டாரி வருவது, அஸருக்கு முன் இறக்குவது, வாளி வாளியாக வீடுகளுக்குப் போவது, எந்த மதத்துப் பிள்ளை தூக்குச்சட்டியோடு வந்து நின்றாலும் முகம் சுளிக்காமல் ஊற்றுவது... எல்லாம் கடிகாரம் போல நடக்கிறது. நோன்புக் கஞ்சிக்கு 2001 முதல் அரசு அரிசியும் தருகிறது. அதாவது நூற்றுக்கணக்கான பேருக்குத் தினமும் ஆக்கிப் போடும் கலை நமக்குத் தெரியும். பாத்திரம் இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, ஆள் இருக்கிறது. பெருநாள் பிறை தெரிந்ததும் டேக்சாவைக் கழுவிக் கவிழ்த்து விடுகிறோம். பதினோரு மாதம் அது பள்ளிவாசல் மூலையில் கிடக்கிறது. அந்தப் பதினோரு மாதத்தில்தான் பள்ளிக்கூடமும் நடக்கிறது!

2020 கொரோனாவில் சொந்தப் பிள்ளைகளே தொடப் பயந்த உடல்களை, மதம் பார்க்காமல் தூக்கி அடக்கம் செய்தவர்கள் நம் இளைஞர்கள். எந்த ஆண்டில்? நோயைப் பரப்பியதே நீங்கள்தான் என்று நம் மீது சேற்றை வாரி இறைத்த அதே ஆண்டில்! அந்தக் கைகளுக்கு நாற்பது டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போவதா பாரம்?

டிபன் பாக்ஸ் என்று யோசித்துத்தான் சொல்கிறேன். பள்ளிவாசலுக்கு வந்து வரிசையில் நின்று வாங்கிக்கொள் என்று பதினாறு வயதுப் பெண்பிள்ளையிடம் சொல்ல முடியுமா? பையனே வரமாட்டான். எல்லோரும் கொண்டு வருவது போன்ற சாதாரண எவர்சில்வர் பாக்ஸ். அதில் பெயர் வேண்டாம், முத்திரை வேண்டாம், நம் கொடியின் நிறம் கூட வேண்டாம். எந்தப் பிள்ளைக்குத் தேவை என்பது தலைமை ஆசிரியருக்கும் ஓர் ஆசிரியைக்கும் தெரிந்தால் போதும், நமக்குத் தெரிய வேண்டியதில்லை. பள்ளியின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்யுங்கள். நாளைக்கு ஒரு பிள்ளைக்கு வயிற்றுவலி வந்தால் பேச்சு எப்படித் திரும்பும் என்பது உங்களுக்குத் தெரியும்.

இங்கேதான் நம் தம்பிமாரோடு எனக்குச் சண்டை. ஒரு நாள் நூறு பொட்டலம் கொடுக்கிறோம். அதற்கு முன்னால் பத்து பேர் நின்று படம். பொட்டலத்தை வாங்கும் கிழவி தலை குனிந்திருப்பாள், கொடுக்கும் நாம் கேமராவைப் பார்த்துச் சிரிப்போம். அன்று மாலையே ஃபிளக்ஸ் பேனர்! பேனருக்கு ஆன செலவில் இன்னும் இருபது பொட்டலம் வந்திருக்கும். உணவளித்துவிட்டு நன்றியோ பதிலோ எதிர்பார்க்காதவர்களைத் தான் இறைவன் தஹ்ர் அத்தியாயத்தில் புகழ்கிறான். இந்த வேலையில் படம் எடுக்கிறவர் எந்தப் பொறுப்பில் இருந்தாலும் முதலில் அவரை வெளியே அனுப்புங்கள். ஒரு நாள் சோறு விளம்பரம். இருநூறு நாள் சோறுதான் பிள்ளையைப் பரீட்சை மண்டபம் வரை கொண்டு போகும்.

யாருக்குக் கொடுப்பது? பள்ளிக்கூடத்தில் பசித்திருக்கும் பிள்ளைக்கு! அவன் அப்துல்லாவா, முருகனா, அந்தோணியா என்று நாம் கேட்கக்கூடாது. அண்டை வீட்டான் பசித்திருக்கத் தான் மட்டும் வயிறார உண்பவன் முஃமின் அல்ல என்ற நபி (ஸல்) அவர்களின் எச்சரிக்கையில் அண்டை வீட்டானின் மதம் குறிப்பிடப்படவில்லை. 2023ல் தூத்துக்குடி மாவட்டத்துப் பள்ளி ஒன்றில், தலித் பெண் சமைத்தார் என்பதற்காகப் பிள்ளைகளைக் காலை உணவு உண்ண விடாமல் பெற்றோர் தடுத்த செய்தி பத்திரிகைகளில் வந்தது. அப்படிப்பட்ட நாட்டில், ஒரே சஹனில் நால்வர் கைவைத்து உண்ணும் நாம் போடும் சோறு எல்லோருக்கும் ஒரே டேக்சாவில் வேகட்டும்.

உடனே ஒரு வணிகர் கேட்பார்: "ஜகாத் பணத்தை இதில் போடலாமா?" ஜகாத்துக்கு எட்டுப் பிரிவினர் உண்டு. அதில் யார் யாருக்கு எப்படி என்பதை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தனிக் கணக்கில் வையுங்கள். சதகாவில் அந்தத் தயக்கமே இல்லை, யாருக்கும் கொடுக்கலாம். இரண்டையும் ஒரே பையில் போட்டுவிட்டுப் பிறகு முழிக்காதீர்கள். மாதக் கடைசி வெள்ளியன்று வரவு செலவைப் பள்ளிவாசல் பலகையில் எழுதிப் போடுங்கள். ஜமாஅத் தலைவரின் மச்சானிடம் மளிகை வாங்கினால் அதையும் எழுதுங்கள்.

"நாமே போட்டுவிட்டால் அரசாங்கம் கைகழுவிவிடாதா?" இந்தக் கேள்விக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு பதில் இருக்கிறது. 1969 ஜனவரியில் ஓக்லாந்து நகரில், கறுப்பின மக்களின் கருஞ்சிறுத்தைகள் கட்சி ஒரு தேவாலயத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலைச் சோறு போடத் தொடங்கியது. கடைக்காரர்களிடம் முட்டையும் ரொட்டியும் கேட்டு வாங்கினார்கள். ஆண்டு முடிவதற்குள் பல நகரங்களுக்குப் பரவியது. துப்பாக்கிக்கு அஞ்சாத உளவுத்துறைத் தலைவர் ஹூவர் இந்த ரொட்டித் துண்டுக்கு அஞ்சினார்! கட்சியின் ஆபத்தான வேலை இதுதான் என்று தன் அதிகாரிகளுக்கு எழுதினார். அதுவரை சோதனை முயற்சியாக இருந்த அரசின் காலை உணவுத் திட்டம் 1975ல் நிரந்தரமானது. முழுப் பெருமையும் அவர்களுக்கே என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஏழைகளே தங்கள் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக் காட்டிய பிறகு, முடியாது என்று சொல்ல அரசுக்கு வாய் இல்லாமல் போனது.

ஆகவே ஒரு கையில் பாக்ஸ், மறு கையில் மனு. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களையும் சத்துணவில் சேர்க்க வேண்டும். மனுவில் இந்த ஒரு வரி போதும், சாலை, சாக்கடை, சுடுகாடு என்று வேறு எதையும் கலக்காதீர்கள். திங்கட்கிழமை குறைதீர் நாளில் தேனி ஆட்சியர் அலுவலகத்தில் கொடுங்கள். சமூக நலத்துறைக்கு ஒரு பிரதி. ஆண்டிபட்டி, பெரியகுளம், போடி, கம்பம் நான்கு தொகுதி சட்டமன்ற உறுப்பினர்களுக்கும், கட்சி பார்க்காமல், நேரில் போய் ஆளுக்கொரு பிரதி. மாணவர்களின் தாய்மார்களையே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை ஜீப் ஓடாத நேரமாகப் பார்த்துப் போனால் வீட்டில் இருப்பார்கள். மனு கொடுத்ததற்கு ரசீது வாங்காமல் படியிறங்காதீர்கள். ரசீதின் நகலை நம் அலுவலகத்துக்கு அனுப்பி வையுங்கள். எந்த உறுப்பினர் என்ன பதில் சொன்னார் என்பதை இதே பக்கத்தில், இன்ஷா அல்லாஹ், பெயரோடு வெளியிடுவோம்.